வியாழக்கிழமை வருகைப் பதிவு

எங்கள் அமெச்சூர் வானொலிக் கழகத்தின் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நாசர் பாய் மூன்று மாதமாக என்னை விடாமல் நச்சரிக்கிறார். மெர்சிங் படகுத்துறைப் பக்கம் உணவகம் வைத்திருப்பவர். கழகத்தின் செயலாளரும் அவர்தான். "அண்ணே, நாம டிஜிட்டலுக்கு மாறின கதைய நீங்கதான் எழுதணும். மாத்தினதே நீங்கதானே? அஞ்சு பக்கம் போதும், போட்டோவ நான் பாத்துக்கிறேன்" என்கிறார். தேநீர் ஆற்றுவதுபோல் கட்டுரையையும் ஆற்றி ஊற்றிவிடலாம் என்று நினைக்கிறார்போலும்.

மாற்றியது நான்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். எழுத உட்காரும்போதெல்லாம் பேனா நகராததற்குக் காரணமும் அதுதான்.

எங்கள் உலகம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. அரசாங்கத்தில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலேயே வானொலி நிலையம் வைத்துக்கொண்டு ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்கள் நாங்கள். பாட்டுப் போடமாட்டோம், வியாபாரம் செய்யமாட்டோம். ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பதிலாகச் சொல்ல, எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அழைப்புக்குறி உண்டு. "கைத்தொலைபேசி இருக்கும்போது இது எதற்கு?" என்று என் மனைவி கேட்காத வருடமில்லை. திருப்தியான பதிலை நானும் சொன்னதில்லை.

பிழைப்புக்கு நான் செய்தது தொலைபேசி வேலை. குளுவாங்கில் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் தொழில்நுட்பராக முப்பத்து மூன்று வருடம். பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன், இரண்டு முறை ஷாக் வாங்கினேன், கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்துக் குன்றுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குன்றுகளின் உச்சியில் கோபுரங்கள் இருந்தன. கிழக்குக் கரையோரத்துத் தொலைபேசிப் பேச்செல்லாம் அவற்றின் வழியாகத்தான் போய்வந்தது.

என் மேலதிகாரி மிஸ்டர் கோ. ஒல்லியான சீனர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அதனாலேயே அவரிடம் பயம் அதிகம். தினமும் காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு குன்றிலும் இருக்கும் காவலாளியைப் பராமரிப்புத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட விதி. கூப்பிட்டால் மட்டும் போதாது, அவனிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டு, அவன் சொன்ன பதிலைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'பார்த்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பெயர் வேண்டும்.

எனக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அலுவலகத்திலேயே பெரிய பலகை இருக்கிறது, ஒவ்வொரு குன்றுக்கும் வரிசையாக விளக்குகள். பச்சை எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் கோளாறு. ஒரு குன்றின் காவலாளி சரியான சிடுமூஞ்சி. அவனோடு காலங்காலையில் மல்லுக்கு நிற்க மனமில்லாமல், ஒரு மாதம் நான் விளக்கைப் பார்த்தே பதிவேட்டை நிரப்பினேன். டீசல் தொட்டி, பச்சை. எழுது, 'நிறைவு'.

ஒரு நாள் அந்தக் குன்றில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிட்டது. கரையோரம் முழுக்கத் தொலைபேசி செத்துப்போனது. தொட்டியில் டீசலே இல்லை. உள்ளே மிதவை மேலேயே சிக்கிக்கொண்டு, நாள்தோறும் 'நிறைவு' என்று பச்சை காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

மிஸ்டர் கோ பதிவேட்டை என் முன்னால் விரித்தார். பென்சிலை எடுத்து, என் பெயர் இருந்த கட்டத்தைத் தொட்டார்.

"சியாப்பா தெங்கோக்?" என்று மலாயில் கேட்டார். யார் பார்த்தது என்று அர்த்தம்.

"விளக்கு பச்சையாக இருந்தது, சார்."

"விளக்கு பச்சை. சரி. தொட்டியை யார் பார்த்தது?"

அவ்வளவுதான். திட்டவில்லை, மேலே எழுதிப் போடவுமில்லை. நான் பதில் சொல்லும்வரை பென்சிலை அந்தக் கட்டத்திலேயே வைத்திருந்தார். "யாரும் பார்க்கவில்லை" என்று நான் சொன்னதும் அதையே அந்தக் கட்டத்தில் என் கையால் எழுதச் சொன்னார். 'யாரும் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் பார்க்காத எதையும் பார்த்ததாக எழுதியதில்லை. ஓய்வு பெறும்வரை என்று சொல்வதைக் கவனியுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு கழகத்தின் காலை வலையை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. வலை என்றால் குறித்த நேரத்தில் குறித்த அலைவரிசையில் எல்லோரும் கூடுவது. எங்களுடையது காலை ஏழரைக்கு, சிற்றலையில். "ஏழரையில ஆரம்பிச்சா விளங்குமா?" என்று கிண்டல் செய்தவர்களும் ஏழு இருபத்தைந்துக்கே காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் நான் அழைப்புக்குறியைச் சொல்லி வலையைத் திறப்பேன். "அவசரச் செய்தி இருப்பவர்கள் முதலில்" என்று சொல்லிவிட்டுப் பத்து விநாடி காத்திருப்பேன். பிறகு பட்டியல்படி ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். கூப்பிடப்பட்டவர் தன் அழைப்புக்குறி, ஊர், நான் எவ்வளவு பலமாகக் கேட்கிறேன் என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண், கடைசியாக ஏதாவது ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தையும் நான் பதிவேட்டில் எழுதுவேன். மழை பெய்கிறது, பேரனுக்குக் காய்ச்சல், நேற்று மீன் மலிவு. நாசர் பாய் பேசினால் பின்னால் கண்ணாடிக் குவளைகள் மோதும் சத்தம் கேட்கும். உண்மையில் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எல்லோரும் வந்தார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. சொல்லாமல் இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுவோம். எடுக்கவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் நேரில் போய்ப் பார்ப்பார். ஒரு தடவை நாசர் பாய் யாரிடமும் சொல்லாமல் பினாங்குக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். நானும் இன்னொருவரும் காரை எடுத்துக்கொண்டு மெர்சிங்குக்கே போய் உணவகத்தில் நுழைந்தோம். சுகாதார இலாகாவிலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பணியாளர்கள் சமையலறையை அவசர அவசரமாகக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். பாய் திரும்பி வந்ததும் வலையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர், "என்னைத் தேடிக்கிட்டு ரெண்டு பேரு வந்திருக்கீங்களே" என்று சொல்லி, வழக்கமான விடைகூடச் சொல்லாமல் ரேடியோவை அணைத்துவிட்டார்.

பட்டியலில் பதினோராவது பெயர் தங்கையா. பெக்கோக் ஊர்க்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் கவிதா சிங்கப்பூரில் வேலை, தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய ஒலிபரப்பியை அவரே கட்டியிருந்தார், பிஸ்கட் டின் தகரத்தை வெட்டிப் பெட்டி செய்து. அவருடைய வாக்கியம் பெரும்பாலும் ஒரு புகாராக இருக்கும். ரம்புத்தானைக் குரங்கு தின்றுவிட்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை, முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. குரலை வைத்தே அவர் இரவு தூங்கினாரா இல்லையா, இரத்த அழுத்த மாத்திரை போட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். "மாத்திரை போடலியாண்ணே?" என்று கேட்டால், "நீ என்னா, என் பொண்டாட்டியா?" என்பார். ஆனால் அடுத்த நாள் போட்டிருப்பார்.

பிறகு இரைச்சல் வந்தது. எங்கள் தாமானில் வீட்டுக்கு வீடு எல்இடி விளக்குகள், மலிவு சார்ஜர்கள், கூரையில் சூரியத் தகடுகள். என் பக்கத்து வீட்டுக்காரர் தகடு போட்ட அன்றிலிருந்து என் ரேடியோவில் தேனீக்கூட்டைக் கலைத்துவிட்டதுபோல் சத்தம். அந்த இரைச்சலுக்குள் மனிதக் குரல் மூழ்கிப்போயிற்று. இருபது பேரில் பாதிப் பேரை என்னால் கேட்க முடியவில்லை.

அப்போதுதான் நான் அந்த மென்பொருளைக் கண்டுபிடித்தேன். தட்டச்சு செய்தால் கணினி அதை மெல்லிய ஒலிகளாக மாற்றி ரேடியோவுக்குக் கொடுக்கும். அந்தப் பக்கத்துக் கணினி அதை மீண்டும் எழுத்தாக்கிக் காட்டும். நம் காதுக்கு ஒன்றுமே கேட்காத இடத்தில்கூட அது எழுத்தைப் பிடித்துவிடும். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஒரு வாரம் சாப்பாட்டு மேசைக்குக்கூட மடிக்கணினியோடு போனேன்.

நாசர் பாயின் உணவகத்து மாடியில் கூட்டம் போட்டு எல்லோருக்கும் செய்து காட்டினேன். தங்கையா கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கிட்டா, நமக்கு அங்க என்னா வேலை?" என்றார்.

"அண்ணே, இப்படியே விட்டா உங்க சத்தம் யாருக்குமே கேக்காது."

"கேக்கறவன் காத குடுத்தா கேக்கும்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று பட்டது. கையை உயர்த்தச் சொன்னோம். அவர் ஒருவரைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. நான் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவருக்காகக் குரல் வலையைப் பத்து நிமிடம் தனியாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தேன். சில மாதம் நடத்தவும் செய்தேன். ஏழு நாற்பதுக்குள் கணினித் திரையில் எல்லோரும் வரிசையாக வந்துவிடுவார்கள். அதன்பின் நானும் அவரும் மட்டும், தேனீக்கூட்டுக்குள் கத்திக்கொண்டிருப்போம். பாதி புரியாது. எனக்குக் காப்பி ஆறும். கொஞ்சம் கொஞ்சமாக அது எனக்குப் பாரமாகத் தெரிய ஆரம்பித்தது. இன்று மழை, இன்று மருத்துவமனை, இன்று கோயில் என்று சாக்குச் சொன்னேன். கடைசியில், "அண்ணே, நானே வந்து உங்களுக்கு எல்லாம் செட் பண்ணிக் குடுத்துடறேன்" என்றேன்.

என் பழைய மடிக்கணினியை எடுத்துப்போய் அவருடைய ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து இணைத்துக் கொடுத்தேன். ஏழரைக்கு இந்தப் பட்டனை அமுக்கினால் போதும், உங்கள் வருகை எல்லோருடைய திரையிலும் தெரியும் என்று காட்டினேன். கொதிகலன் அழுத்தத்தைக் காதாலேயே கணித்த மனிதர் எலிக்குட்டியைப் பிடிப்பதுபோல் அந்த மவுஸைப் பிடித்தார். ஒற்றை விரலால் 'குட் மார்னிங்' அடித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் கிளம்பிப்போய்விடுவார்கள். பல நாள் மறந்துவிடுவார். இரண்டு நாள் அவர் வராவிட்டால் விதிப்படி நான் தொலைபேசியில் கூப்பிடுவேன். அவர் கைப்பேசியை எங்காவது வைத்துவிட்டு மறந்திருப்பார். குளுவாங்கிலிருந்து பெக்கோக்குக் காரோட்டிப்போனால், கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். இரண்டாவது முறை இப்படி நடந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏண்ணே, ஒரு பட்டன அமுக்கறது அவ்ளோ சூசாவா?" என்று கத்தினேன். அவ்வளவு கஷ்டமா என்று கேட்கிறேன்.

அவர் குழாயை மூடினார். "நான் தினம் காலைல வந்துகிட்டுதான் இருக்கேன் சேகரு. பழைய இடத்துல, வாயாலதான் கூப்பிடறேன். நீதான் அங்க இல்ல."

எனக்கு அது தெரியாது. குரல் வலையில் நான் காதுக்கருவி மாட்டி வாரக்கணக்காகியிருந்தது. ஆளில்லாத அலைவரிசையில் தினமும் ஏழரைக்கு அவர் தன் அழைப்புக்குறியைச் சொல்லி, ஊரைச் சொல்லி, தன் ஒரு வாக்கியத்தையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாளையிலிருந்து வருகிறேன் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. நேரே உள்ளே போய்க் கணினி முன் உட்கார்ந்தேன். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் கையில் ஸ்குரூ டிரைவரை எடுப்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வழக்கம்.

அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. குறித்த நேரத்தில் அதுவாகவே ஒரு செய்தியை அனுப்பும். நம் அலை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பதற்காக வைத்தது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹார்ட்பீட்', இதயத்துடிப்பு. ஆள் முன்னால் இருக்கும்போது மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத ஒழுங்கு. எனக்கு அது நன்றாகவே தெரியும். இருந்தும் ஒவ்வொரு நாளும் காலை ஏழு முப்பத்தைந்துக்கு அவருடைய அழைப்புக்குறியும் 'ஆல் வெல்' என்ற இரண்டு சொற்களும் தானாகப் போகும்படி வைத்தேன். கணினி தூங்கிவிடாமலும் ரேடியோ அணையாமலும் செய்தேன்.

"இனிமே நீங்க எதுவும் செய்ய வேணாம்ணே. அதுவே வந்தேன்னு சொல்லிடும்."

"நான் எதையும் அமுக்க வேணாமா?"

"வேணாம்."

"அப்ப நான் எதுக்கு?" என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார் என்றுதான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துப் பார்த்தால், சிரித்தது நான் மட்டும்தான்.

அதன்பின் நிம்மதி. தினமும் ஏழு முப்பத்தைந்துக்குத் தங்கையாவின் வரி திரையில் வந்துவிடும், நான் குறி போட்டுவிடுவேன். புதிய பதிவில் 'வாக்கியம்' என்ற கட்டத்தையும் நான் எடுத்துவிட்டிருந்தேன், தேவைப்படவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. "நம்மள்ல ரொம்ப பங்க்சுவல் தங்கையாண்ணன்தான்" என்று நாசர் பாய் பாராட்டினார். என் முகத்தைப் பார்த்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். அடுத்த மாதம் போய் அதை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் வருவதற்குள் அந்த வியாழக்கிழமை வந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கவிதா கூப்பிட்டாள்.

"அங்கிள், அப்பா ரெண்டு நாளா போன் எடுக்கல. உங்க ரேடியோல வந்தாங்களா?"

கைப்பேசியில் அன்றைய பட்டியலைத் திறந்து பார்த்தேன். பதினோராவது பெயர் இருந்தது.

"காலைலகூட வந்தாரும்மா. ஏழு முப்பத்தஞ்சுக்கு. எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னாரு."

"உண்மையாவா அங்கிள்?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? போன எங்கயாச்சும் வச்சிட்டுத் தேடிட்டு இருப்பாரு. உங்கப்பா கதை தெரியாதா உனக்கு?"

அவள் சிரித்தாள். "அலமாக், நான் ரொம்ப பயந்துட்டேன் அங்கிள். தேங்க்ஸ். இப்பதான் நிம்மதியா இருக்கு."

'சொன்னாரு' என்றேன். வந்தது என்று சொல்லவில்லை, மெசேஜ் என்று சொல்லவில்லை. அந்தத் தானியங்கியை வைத்தவனே நான்தான். அந்த நொடியில் எனக்கே அது மறந்துபோயிருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? திரையில் பெயர் இருந்தது, ஆள் இருக்கிறார். ஒரு மாதத்தில் என் மூளை அதற்குப் பழகிவிட்டது. போனை வைத்துவிட்டு மீதி ரொட்டியைச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை தங்கையாவின் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் கூப்பிட்டார். பட்டப்பகலிலும் அணையாத விளக்கைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, ஆட்களைக் கூட்டிவந்து கதவைத் திறந்திருக்கிறார்கள். சுவரில் பெரிய எழுத்தில் என் எண் இருந்ததாம். குளியலறை வாசலில் கிடந்தார். மூச்சு இருந்தது. அன்று காலை ஏழு முப்பத்தைந்துக்கும் அவருடைய வரி வந்திருந்தது. அதற்கும் நான் குறி போட்டிருந்தேன்.

செகாமாட் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. டாக்டர் ஒரு தமிழ்ப் பெண்.

"கடைசியா இவரு நல்லா இருந்தது எப்பன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பக்கவாதத்தில் முதலில் கேட்கும் கேள்வி அதுதானாம்.

வாய் திறந்தேன். ஏழு முப்பத்தைந்து என்று நாக்கு நுனிவரை வந்தது. "தினம் மெசேஜ் வந்துச்சு டாக்டர்" என்றேன்.

"அவரே டைப் பண்ணாரா?"

"இல்ல. அது தானா வரும்."

டாக்டர் பேனாவை எடுத்தார். "அவரு குரல எப்ப கேட்டீங்க?"

எண்ணிப் பார்த்தேன். ஐந்து வாரம். நான் கடைசியாகக் கேட்ட அவர் குரல், 'அப்ப நான் எதுக்கு?' என்று கேட்டதுதான். டாக்டர் தாளில் ஏதோ எழுதினார். "சீக்கிரம் கொண்டுவந்திருந்தா…" என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அடையாள அட்டையை எடுத்துவரச் சொன்னார்கள். பெக்கோக்குப் போய், பக்கத்து வீட்டு அம்மாளிடம் சாவி வாங்கி அவர் வீட்டைத் திறந்தேன். கூடத்தில் நாள்காட்டி தொங்கியது, தினமும் ஒரு தாள் கிழிப்பது. எழுந்ததும் அவர் செய்யும் முதல் வேலை அது, பல் துலக்குவதுகூட அப்புறம்தான். தாள் செவ்வாய்க்கிழமையில் நின்றிருந்தது. அப்படியென்றால் புதன்கிழமை காலை அவர் நாள்காட்டிவரை வரவில்லை. கவிதா என்னைக் கேட்டபோது அவர் விழுந்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் தரையில் கிடக்க, பத்தடி தள்ளி இருந்த என் கணினி 'ஆல் வெல்' என்று அனுப்பிக்கொண்டிருந்தது. புதன், வியாழன், வெள்ளி, சனி.

கணினியை அணைத்தேன். பிறகு ஒரு காரியம் செய்தேன். கை தானாகச் செய்தது என்று எழுதினால் அது பொய். யோசித்துத்தான் செய்தேன். நாள்காட்டியில் இரண்டு தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை மேலே வந்தது.

கவிதா அன்று மாலை வந்தாள். எட்டு நாள் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்தாள். ஒன்பதாம் நாள் தங்கையா போய்விட்டார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் போன பிறகு, அவள் அந்த நாள்காட்டிக்கு முன்னால் நின்றாள்.

"நீங்க சொன்னது சரிதான் அங்கிள். வியாழக்கிழமை காலைல அப்பா நல்லாதான் இருந்திருக்காங்க. தாள கிழிச்சிருக்காங்க, உங்க கூட பேசியிருக்காங்க. அதுக்கு அப்பறம்தான் விழுந்திருக்கணும். ரொம்ப நேரம் கிடக்கல, இல்ல?"

"ஆமாம்மா" என்றேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அதன்பின் வலையில் ஒரு விதி கொண்டுவந்தேன். தினமும் நடத்துநர் புதிதாக ஒரு கேள்வி கேட்பார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், வாசலில் என்ன பூ பூத்திருக்கிறது என்று ஏதாவது. அதற்குக் கையால் தட்டச்சு செய்த பதில் வந்தால்தான் வருகை, தானாக வருவது கணக்கில் இல்லை. வெளியூர்க் கழகங்கள்கூட இதைப் பாராட்டின. நாசர் பாய்க்கு இதைத்தான் மலரில் போட வேண்டும், 'தொழில்நுட்பமும் மனிதநேயமும்' என்று தலைப்புகூட வைத்துவிட்டார். எதனால் அந்த விதி வந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

கருவியின் மேல் பழிபோட எனக்கு விருப்பமில்லை. இரைச்சலுக்குள் மூழ்கிப்போன பலரை அது எங்களுக்கு மீட்டுக் கொடுத்தது. தீவில் இருக்கும் ஓர் உறுப்பினரை அதற்கு முன் நாங்கள் கேட்டதே இல்லை. அது சொன்னது இயந்திரம் ஓடுகிறது என்பதை மட்டும்தான். மனிதர் நலம் என்று சொன்னவன் நான்.

மலரில் தங்கையாவின் படம் வருகிறது என்று கேள்விப்பட்டுக் கவிதா ஒரு பிரதி கேட்டிருந்தாள். அவள் இதை அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டேன். தானியங்கியைச் சொன்னேன், செவ்வாய்க்கிழமைத் தாளைச் சொன்னேன், நான் கிழித்த இரண்டு தாளையும் சொன்னேன். பின்னால் ஏதோ தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, அதை யாரோ அணைத்தார்கள்.

"அங்கிள்" என்றாள். "அன்னிக்கு வியாழக்கிழமை நான் எங்கேர்ந்து உங்களுக்குப் போன் பண்ணேன் தெரியுமா?"

"சிங்கப்பூர்லேர்ந்து."

"இல்ல. ஜோகூர்பாரு, லார்கின் பஸ் ஸ்டேஷன்லேர்ந்து. வேலைக்கு லீவு சொல்லிட்டு, அப்பாவப் பாக்க விடியக்காலைலயே எல்லை தாண்டி வந்துட்டேன். செகாமாட் பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கியாச்சு, பஸ்ஸும் வந்து நின்னுடுச்சு. ஏறதுக்கு முன்னாடி எதுக்கும் உங்கள ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு பண்ணேன்." பின்னால் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல அங்கிள். நீங்க சொன்னதக் கேட்டுட்டு, எதிர்ப்பக்கம் போய் சிங்கப்பூர் பஸ்ல ஏறிட்டேன்."